கடலோரத்துப் பிள்ளையும் விஞ்ஞான பாடமும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டையை நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில், நிலாவெளியைத் தாண்டியதும் இறக்கக்கண்டி என்னும் சிற்றூர் வருகின்றது. ஒரு புறம் வங்காள விரிகுடா. மறு புறம் களப்பு. களப்பு நீர் கடலைச் சேருமிடத்தில் ஒரு பாலம். மீன்பிடித் தொழிலே இக்கரையோர மக்களுள் மிகப் பலரது வாழ்வுக்கு ஆதாரம். இத்தகைய ஊரிற் பிறந்து வளரும் பிள்ளை, ஐந்தாம் வயதிற் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்னரே, தண்ணீரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நிலவைப் பற்றியும் எத்தனையோ முடிவுகளுக்கு வந்துவிடுகின்றது. அம்முடிவுகளுட் பெரும்பாலானவற்றை அதற்கு ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பூரணை இரவிலே தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கும் பிள்ளை, நிலவு தன்னுடனேயே வருவதைக் காண்கின்றது. பனைகள் பின்னே போகின்றன. வேலிகளும் வீடுகளும் பின்னே போகின்றன. நிலவு மட்டும் பின்தங்கவில்லை. தான் நடக்க நடந்து, தான் நிற்க நிற்பது எதுவோ அது தன்னைப் பின்தொடர்வது என்பது, வீட்டு நாயை அறிந்த பிள்ளைக்கு ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. ஆதலின், 'நிலவு என்னோடு நடக்கின்றது' என்ற முடிவு பேதைமையன்று. கண்ட சான்றிலிருந்து பெற்ற அனுமானம். நிலவு ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்பதும், அத்துணைத் தொலைவிலுள்ள பொருளின் திசை நாம் நடக்கும் நூறு இருநூறு அடியினால் மாறுவதில்லை என்பதும் அப்பிள்ளைக்குத் தெரியா. குறை அதன் பகுத்தறிவில் இல்லை. அதன் கையிலிருந்த செய்தியிலேயே இருக்கின்றது.

இவ்வாறே, கல் தாழ்கின்றது, கட்டை மிதக்கின்றது. ஆகவே பாரமானது தாழும், இலேசானது மிதக்கும் என்பது பிள்ளையின் இரண்டாவது விதி. திருகோணமலைத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான தொன் நிறையுள்ள இரும்புக் கப்பலை அது காணும்போது இவ்விதி குலைந்து போகவேண்டும் அல்லவா? குலைவதில்லை. 'கப்பலுக்கு இயந்திரம் இருக்கின்றது' என்று பிள்ளை சமாதானம் சொல்லிக்கொள்கின்றது. உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு எஞ்சுவதைக் காணும் பிள்ளை, நீர் நிலத்துக்குள் ஊறிப்போயிற்று என்கின்றது. கிணற்றடியிற் கொட்டிய நீர் மணலுள் மறைவதை நாள்தோறும் காணும் ஒருவருக்கு அதைவிட இயல்பான விளக்கம் வேறெது? இவற்றையெல்லாம் தவறுகள் என்று ஒதுக்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது எளிது. அவ்வாறு தொடங்கிய பாடம் எங்கே போய் முடிகின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பிள்ளைகளின் உள்ளத்தில் இயற்கையைப் பற்றிய கருத்துகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை முதன்முதலிற் பொறுமையோடு கேட்டறிய முற்பட்டவர்களுள் தலைசிறந்தவர் சுவிற்சர்லாந்து நாட்டினரான ஜீன் பியாஜே. 1896 இற் பிறந்து 1980 இல் மறைந்த இவர், இளமையில் நத்தை முதலிய உயிர்களை ஆராய்ந்தவர். அவ்வுயிர்களை நோக்கிய அதே கண்ணோடு பிள்ளைகளையும் நோக்கினார் எனலாம். சூரியன் ஏன் அசைகின்றது, முகிலுக்கு உயிர் உண்டா, காற்று எங்கிருந்து வருகின்றது என்றெல்லாம் வினாவி, அவர்கள் தந்த விடைகளைத் தொகுத்து 1926 இல் நூலாக வெளியிட்டார். அசைவன யாவும் உயிருள்ளன, உயிருள்ளன யாவும் நோக்கமுடையன என்பது இளம்பிள்ளைகளின் பொதுவான எண்ணம் என அவர் கண்டார். கடல் அசைகின்றது, இரைகின்றது, சில நாள் அமைதியாகவும் வாடைக் காலத்திற் சீற்றத்தோடும் இருக்கின்றது. அது உயிருள்ளது என்றும் கோபங்கொள்வது என்றும் ஒரு பிள்ளை எண்ணுமாயின், முதியோர் பேசும் பேச்சும் அவ்வெண்ணத்துக்கு அரண்செய்கின்றது. 'கடல் பொங்கிற்று', 'கடல் எல்லை மீறிற்று' என்பன நம் மொழியில் வழக்கான தொடர்கள் அல்லவா?

பியாஜே கூறியவை அனைத்தும் பின்வந்தோரால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மாகரெற் டொனால்ட்சன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1978 இல் எழுதிய நூலில், வினாவை விளங்கிக்கொள்ளாத காரணத்தினாலேயே பல வேளைகளிற் பிள்ளை பிழையான விடையைத் தருகின்றது என்று காட்டினார். கேட்கும் முறை மாறினால் விடையும் மாறும். இது ஆசிரியர் மறக்கக்கூடாத எச்சரிக்கை. எனினும், பிள்ளையின் உள்ளம் எழுதப்படாத கற்பலகை அன்று என்ற அடிப்படை உண்மை நிலைத்துவிட்டது. 1970 களின் பிற்பகுதி தொடங்கி இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த றொசலின்ட் டிறைவரும், நியூசிலாந்தில் றொஜர் ஒஸ்போணும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வுகள், இக்கருத்துகள் வெவ்வேறு நாடுகளிலும் ஒரே வகையாகத் தோன்றுவதையும், பாடம் கற்பித்த பின்னரும் அவை எளிதில் மறையாமையையும் வெளிப்படுத்தின.

மறையாமல் அவை என்ன ஆகின்றன? இதற்குத் தெளிவான விடை பூமியின் வடிவம் பற்றிய ஆய்வுகளிற் கிடைத்தது. அமெரிக்காவில் இலினொய் மாநிலத்துப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஸ்டெல்லா வொஸ்னியாதுவும் வில்லியம் புரூவரும் நடத்திய ஆய்வு 1992 இல் வெளிவந்தது. பூமி உருண்டை என்று எல்லாப் பிள்ளைகளும் கேள்விப்பட்டிருந்தனர். பூமி தட்டையாக இருப்பதைத் தங்கள் கண்ணாலும் கண்டிருந்தனர். இரண்டையும் கைவிட மனமில்லாத பிள்ளைகள் இரண்டுக்கும் இடமளிக்கும் உருவங்களைப் படைத்துக்கொண்டனர். சிலருக்குப் பூமி தோசையைப் போன்ற வட்டத் தட்டு. வேறு சிலருக்கு அது உள்ளே வெறுமையான உருண்டை. அதன் அடிப்புறத் தட்டையிலே மக்கள் வாழ்கின்றனர். இன்னுஞ் சிலருக்குப் பூமிகள் இரண்டு: நாம் நிற்பது ஒன்று, ஆசிரியர் சொல்வது வானத்தில் உள்ள மற்றொன்று. அலா சமரபுங்கவன் என்பாரும் சேர்ந்து ஐதராபாத்திற் செய்த ஆய்வு 1996 இல் வெளிவந்தது. அங்கே பூமி நீரின் மீது தாங்கப்பட்டிருப்பதாகக் கருதிய பிள்ளைகள் பலர் இருந்தனர். கடல் சூழ்ந்த உலகம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த மரபின் நிழல் அது.

'பூமியின் வடிவம் யாது?' என்ற பரீட்சை வினாவுக்கு இப்பிள்ளைகள் அனைவரும் 'உருண்டை' என்றே எழுதியிருப்பர். முழுப் புள்ளியும் பெற்றிருப்பர். புதிய சொல் மேலே படிந்துவிட்டது. பழைய எண்ணம் அடியில் அப்படியே கிடக்கின்றது. பெரியோரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் எடுக்கப்பட்டு 1987 இல் வெளிவந்த படமொன்றில், கோடையும் மாரியும் ஏன் ஏற்படுகின்றன என்று கேட்கப்பட்டோருட் பெரும்பாலோர், பூமி சூரியனுக்கு அருகே செல்வதால் என்று தயக்கமின்றிக் கூறினர். நெருப்பின் அருகே சென்றாற் சூடு கூடும் என்று அடுப்படியிற் கற்ற பாடம், பல்கலைக்கழகப் படிகளிலும் அவர்களோடு ஏறி வந்திருக்கின்றது.

பூமி தோசை வடிவினது என்று ஒரு பிள்ளை சில காலம் நம்பியிருந்தால் யாருக்கும் தீங்கில்லை. எல்லாக் கருத்துகளும் அத்தகையன அல்ல என்பதற்கு இறக்கக்கண்டியின் கரையே சாட்சி.

2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அப்போது நடைமுறையிலிருந்த நேரப்படி காலை 7 மணியாக ஒரு நிமிடம் இருக்கையில், சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பாற் கடலடி நிலம் பிளந்து உயர்ந்தது. அவ்விடம் திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர் தூரம். இங்கே தரை அச்சந்தரும் வகையில் அதிரவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி முதலிய ஊர்கள் தப்பவில்லை. நாடெங்கும் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கைக் கரையின் பல இடங்களில் முதலில் வந்த நீர் பின்வாங்கியபோது, கடல் வெகுதூரம் உள்வாங்கித் தரை தெரிந்தது. அதனை வேடிக்கை பார்க்கவும், துள்ளிய மீன்களைப் பொறுக்கவும் இறங்கியவர்களையும், பொருள்களைத் தேடி வீட்டுக்குத் திரும்பியவர்களையும் அடுத்து வந்த பேரலை வாரிக்கொண்டது.

அம்மக்கள் அறிவற்றவர்கள் அல்லர். கடலோடு பிறந்து கடலை நன்கு அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் அறிந்திருந்த அலை வேறு. வரும், உடையும், திரும்பிப் போகும். போனபின் கரை பழையபடி கரையே. வாழ்நாள் முழுவதும் பிழைக்காத அவ்வறிவு, அன்று ஒரு காலை மட்டும் பிழைத்தது. 1883 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் கிரக்கதோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கைக் கரையிலும் காணப்பட்டன. ஆயின் அச்செய்தி ஊர் நினைவில் நிலைத்திருக்கவில்லை. சுமாத்திராவுக்கு அருகேயுள்ள சிமெலூ என்னும் தீவினர் 1907 இல் தம்மைத் தாக்கிய பேரலையை 'ஸ்மொங்' என்று பெயரிட்டுக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004 இல் நிலம் அதிர்ந்தவுடனே மேட்டு நிலத்துக்கு ஓடியதால், எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களுள் இறந்தோர் தொகை பத்தைக்கூட எட்டவில்லை. அவர்களது விதி 'நிலம் பலமாக அதிர்ந்தால் ஓடு' என்பது. அவ்விதியை அப்படியே கொண்டுவந்து இறக்கக்கண்டிப் பிள்ளைக்குக் கற்பித்தாற் பயனில்லை. இங்கு நிலம் அதிராமலே அலை வந்தது. காரணத்தை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கே இந்த வேறுபாடும் விளங்கும். மனனம் செய்த விதி, ஊர் மாறினாற் பொய்த்துப்போகும்.

இன்று இவ்வூர்களின் ஆரம்ப வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுள் ஒருவரேனும் அன்று பிறந்திருக்கவில்லை. அவர்கள் ஆழிப்பேரலையைப் பற்றி வீட்டிலே கேட்டிருக்கின்றனர். ஆண்டுதோறும் திசெம்பர் 26 இற் பாதுகாப்புத் தினத்திலே கேட்கின்றனர். ஆயின், அவர்களது உள்ளத்தில் உள்ள ஆழிப்பேரலை எத்தகையது? இதைக் கேட்டறியாமல் எழுதப்படும் பாடக் குறிப்பு காற்றிலே எழுதப்பட்டதாகும்.

கேட்டறிவது எளிதன்று. நம் நாட்டுப் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லப் பழகியது. 'சேர்' எதை எதிர்பார்க்கின்றார், 'ரீச்சர்' எதைச் சொன்னால் மகிழ்வார் என்பதை அது நொடியில் உணர்ந்துகொள்ளும். பெரியோர் சொல்லை மறுத்துரைத்தல் மரியாதையன்று என்பது நல்ல வளர்ப்பின் அடையாளம். அந்த நல்ல வளர்ப்பே பிள்ளையின் உண்மையான எண்ணத்தை ஆசிரியரிடமிருந்து மறைத்துவிடுகின்றது. ஆகவே நேரே வினவாது, சற்றுச் சுற்றி வினவுதல் வேண்டும். 'உன் தம்பி கேட்டால் அவனுக்கு எப்படிச் சொல்லுவாய்?' என்று கேட்டாற் பிள்ளை தன் சொந்தச் சொற்களுக்கு இறங்கி வரும். படம் வரையச் சொன்னால் இன்னும் நன்று. வாய் சொல்லாததைக் கை வரைந்துவிடும். அவ்வேளையில் ஆசிரியர் செய்யவேண்டிய கடினமான செயல் ஒன்றே: பிழை கண்டவிடத்துத் திருத்தாமல் இருத்தல்.

இவ்வாறு கேட்டால் வெளிப்படத்தக்க எண்ணங்களுள் இரண்டு இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கன. ஒன்று, அந்நாள் பூரணையாக இருந்தபடியாற் கடல் பெருகிற்று என்பது. மற்றொன்று, ஆழிப்பேரலை என்பது பெரிய அலை என்பது.

முதலாவது எண்ணத்துக்கு ஆதாரம் இல்லாமற் போகவில்லை. 2004 திசெம்பர் 26 உண்மையிலேயே பூரணைத் தினம். பூரணையிலும் அமாவாசையிலும் வற்றுப்பெருக்கு மிகுதியாகும் என்பதும் உண்மை. கரையோரத்தார் இதனை நன்கு அறிவர். இரண்டு உண்மைகளைச் சேர்த்து மூன்றாவதைப் பெறுவது நியாயமான முயற்சியே. 'அது மூடநம்பிக்கை' என்று சொல்லி ஆசிரியர் இதனை வெட்டிவிட்டால், பிள்ளை வாய் மூடும், எண்ணம் மாறாது. மாறாக, களப்போரத்தில் ஒரு தடியை நட்டு, அதில் அளவுக் கோடுகள் இட்டு, இரண்டு வாரங்களுக்கு நீர்மட்டத்தைப் பிள்ளைகளே குறித்துவரச் செய்யலாம். திருகோணமலைப் பகுதியில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு பூரணை நாளிலும் ஒரு மீற்றருக்குக் குறைவு. இரண்டு மூன்று சாண் அளவே. களப்பு வாய் மணலால் ஒடுங்கியிருக்குங் காலத்தில் அதனினும் குறையலாம். ஊரை மூழ்கடிக்க இது போதுமா என்று தடியே பிள்ளையைக் கேட்கும். மேலும், ஆண்டுக்கு 12 அல்லது 13 பூரணைகள் வருகின்றன. அவை யாவற்றிலும் கடல் ஏன் ஏறவில்லை? யப்பானைப் பேரலை தாக்கிய 2011 மார்ச் 11 ஆம் நாளின் நிலவை நாட்காட்டியிற் பார்த்தால், அது அரைநிலவை அண்டிய நாள். கிரக்கதோவாவின் அலைகள் எழுந்த 1883 ஓகஸ்டு 27 தேய்பிறைக் காலம். நாட்காட்டி ஒன்றும் தடி ஒன்றும் இருந்தால், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் ஒரு கருதுகோளை நிறுத்துப் பார்க்கலாம். 'கருதுகோள்' என்ற சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது எண்ணமே பொல்லாதது. ஏனெனில் அது பாதி சரியானது. நம் மொழியில் அதற்கு வழங்கும் பெயரே அதைப் பேரலை என்கின்றது. சுனாமி என்ற யப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்று பொருள். அலை என்றவுடன் பிள்ளையின் மனத்தில் எழுவது இறக்கக்கண்டிக் கரையில் நாள்தோறும் உடையும் அலை. அதனைப் பனையளவு உயர்த்திப் பார்த்தால் ஆழிப்பேரலை ஆகிவிட்டது! அப்படியாயின் அது ஒரு தடவை உடைந்து திரும்பிவிடும். திரும்பியபின் வீட்டுக்குப் போகலாம். 2004 இல் உயிர்களை வாங்கிய எண்ணம் இதுவே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதைத் திருத்தத் தொடங்கவேண்டிய இடம் ஆழிப்பேரலை அன்று, சாதாரண அலையே. காற்று அடங்கிய காலை வேளையிற் களப்பிலே வலையின் மிதவை ஒன்றை இட்டு, சற்று அப்பால் ஒரு கல்லை எறியவேண்டும். எறியுமுன், மிதவை என்ன செய்யும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லிவிடல் வேண்டும். இது முக்கியம். வாயால் ஒன்றைச் சொல்லித் தன்னைப் பிணைத்துக்கொண்ட பிள்ளையே அடுத்து நிகழ்வதைக் கண் விழித்துப் பார்க்கும். அலை மிதவையைக் கரைக்குக் கொண்டுவரும் என்று பலர் சொல்லுவர். அலை வட்டம் மிதவையைக் கடந்து கரையை அடைந்துவிடும். மிதவையோ எழுந்து தாழ்ந்து ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். காற்றுள்ள நாளில் இதைச் செய்தால் மிதவை மெல்ல மெல்ல நகர்ந்து ஆசிரியரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் என்பதையும் சொல்லிவைத்தல் நலம். ஓடுவது நீர் அன்று, நீரின் அசைவே என்பது இப்போது புலப்படும். தந்தையரோடு வள்ளத்திற் சென்ற பிள்ளைகள், நங்கூரமிட்ட வள்ளம் இப்படித்தான் ஆடும் என்று தாமாகவே சொல்லக்கூடும். அச்சொல் அகப்பட்டுவிட்டாற் பாடம் பாதி முடிந்தது.

பின்னர் ஒரு புதிரை அவர்கள் முன் வைக்கலாம். 2004 இல் ஆழ்கடலில் நின்ற மீனவர்கள் பலர் ஒன்றையும் உணரவில்லை. கரைக்குத் திரும்பியபோதே அழிவைக் கண்டனர். கரையில் வீட்டில் இருந்தவர்கள் மாண்டனர். பனையளவு அலை என்றால் அது முதலிற் கவிழ்க்கவேண்டியது கடலிலுள்ள வள்ளத்தை அல்லவா? பெரிய அலை என்ற எண்ணம் இவ்வினாவுக்கு விடை தராது. இந்த இடத்தில், பழைய எண்ணம் போதாது என்று பிள்ளையே உணரும் இந்த இடத்தில், புதிய செய்திக்கு வாசல் திறக்கின்றது. அன்று பேரலை வங்காள விரிகுடாவின் நடுவே சென்றுகொண்டிருந்தபோது, மேலே சென்ற செய்மதி ஒன்று அளந்த அதன் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். ஆனால் ஓர் அலை முகட்டிலிருந்து அடுத்த முகடு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம். காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பை மட்டும் அசைக்கின்றது. இதுவோ கடலடியிலிருந்து மேற்பரப்பு வரை முழு நீரையும் அசைக்கின்றது. 4,000 மீற்றர் ஆழக் கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையை அண்டி ஆழம் குறையக் குறைய வேகம் தளர்கின்றது; பின்னால் வரும் நீர் முன்னுள்ளதன் மேல் ஏறுகின்றது. எனவே கரைக்கு வருவது உடையும் அலையன்று. பல நிமிடங்கள் ஏறிக்கொண்டே இருக்கும் கடல். அதன்பின் பல நிமிடங்கள் இறங்கும். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு மீண்டும் ஏறும். முதலாவதே பெரியதாக இருக்கும் என்ற நியதியும் இல்லை. கடல் இறங்குவது முடிவின் அடையாளம் அன்று, நடுப்பகுதி என்று இவ்வாறு கற்ற பிள்ளை உணரும். அப்பிள்ளையை மீன் பொறுக்க இறங்கு என்றாலும் இறங்காது.

பாடம் உயிர் காத்ததற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் புக்கெற் தீவில் அன்று விடுமுறை கழித்துக்கொண்டிருந்த ரில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்து வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். கடற்கரையிலிருந்தோர் வெளியேற்றப்பட்டுத் தப்பினர். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளது ஆசிரியர் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையைப் பற்றிக் கற்பித்திருந்தார். அவளுக்கு உதவியது சொல்லின் வரைவிலக்கணம் அன்று. கடல் எப்படித் தோன்றும் என்று வகுப்பிற் கண்ட காட்சியே கண்முன் நின்றது.

சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பிள்ளையின் கருத்துகளுட் சில கண்ணாற் பிறப்பன. சில மொழியாற் பிறப்பன. 'வேலை' என்பது விஞ்ஞானத்தில் விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்தவிடத்தே உண்டு. கரைவலைக் கயிற்றைப் பிடித்து, அது அசையாமல் இறுகி நிற்கையில், வியர்வை சொட்ட நிற்கும் தந்தை அந்த நேரத்திற் கயிற்றின் மீது வேலை ஒன்றும் செய்யவில்லை என்று புத்தகம் சொன்னால், பிள்ளை ஆசிரியரைப் பார்த்துப் புன்னகை செய்யும். புன்னகை செய்யாமல் எழுதிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றியே கவலைப்படவேண்டும். 'நிறை' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. இலங்கைப் பாடநூல்களில் அது புவியீர்ப்பால் வரும் பாரத்தைக் குறிக்கும். பொருளின் அளவுக்குத் 'திணிவு' என்று வேறு சொல் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ பொருளின் அளவே நிறை. பாரம் 'எடை' எனப்படும். கைத்தொலைபேசியிலே தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளைக் காணும் இன்றைய பிள்ளை, இரு கரைகளுக்கும் இடையில் நின்று தடுமாறுகின்றது. கடையிலே சாமான் நிறுக்கும் கடைக்காரர் இருவரையும் பொருட்படுத்துவதில்லை என்பது வேறு கதை. இச்சிக்கலை ஆசிரியர் வகுப்பில் வெளிப்படையாகப் பேசிவிட்டால், ஒரு சொல் வேறு, கருத்து வேறு என்ற அரிய பாடம் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இவையெல்லாம் நேரத்தை விழுங்கும் முறைகள் என்று முறையிடுவோர் உளர். முறையீட்டில் நியாயமும் உண்டு. 2007 இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டச் சீர்திருத்தம், பிள்ளையைத் தேடவும் விளக்கவும் செய்யும் கற்பித்தலையே வற்புறுத்திற்று. ஆயினும், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அண்மிக்கும்போது, தடியை நட்டு இரண்டு வாரம் காத்திருக்கும் ஆசிரியரைப் பெற்றோரே ஐயத்தோடு நோக்குகின்றனர். பரீட்சைத் தாளோ, பிள்ளை எதை நம்புகின்றது என்று கேட்பதில்லை. எதை எழுதும் என்றே கேட்கின்றது. இந்நிலையில் எல்லாப் பாடங்களையும் இம்முறையிற் கற்பித்தல் இயலாது; இயலும் என்பது வீண்பேச்சு. ஆனால் ஒரு தவணைக்கு இரண்டு பாடங்களையேனும் இவ்வாறு கற்பிக்க இயலும். எவற்றை என்று தெரிந்தெடுப்பதிலேயே ஆசிரியரின் திறமை உள்ளது. உப்பளத்து நீர் எங்கே போயிற்று என்பதை ஓர் எவர்சில்வர்த் தட்டைக் கொண்டே முடித்துவிடலாம்; அதன் அடியில் நீர் ஊறிப்போக வழியில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். கடலோரப் பாடசாலைக்கு ஆழிப்பேரலைப் பாடம் நேரம் கொடுக்கத் தக்கது. விஞ்ஞானப் பட்டம் பெறாத ஆரம்ப வகுப்பு ஆசிரியரும் இதனைச் செய்யலாம். வேண்டுவது அதிகமான செய்தியன்று. விடையைத் தான் முந்திச் சொல்லிவிடாத அடக்கமே.

இத்தகைய வகுப்பிற் பிள்ளைகள் தாமாகவே வினா எழுப்பத் தொடங்குவர். அவற்றுள் ஒன்று ஆசிரியரைத் திணறச் செய்யத்தக்கது. 2012 ஏப்பிரில் 11 ஆம் நாள் பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவினதான நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கரையோர மக்கள் உள்நாட்டுக்கு ஓடினர். பேரலை வரவில்லை. 2004 இற் போலவே பெரிய நடுக்கம், அதே கடல், ஏன் வரவில்லை? வீட்டிலே இக்கதையைக் கேட்ட பிள்ளை, எச்சரிக்கையே பொய் என்ற முடிவுக்கு வருவது வெகு எளிது. அடுத்த முறை ஓடாமல் இருந்துவிடவும் கூடும்.

விடை ஒரு நீண்ட தகரத் தட்டத்தில் இருக்கின்றது. ஒரு முனையில் மணலைச் சரிவாகக் குவித்துக் கரை செய்து, தட்டத்தில் நீர் நிரப்பி, மறு முனையில் நீருக்கடியிலே தட்டையான பலகைத் துண்டொன்றைக் கிடத்திக் கல்லால் அமிழ்த்தவேண்டும். முதலிற் பலகையைப் படுக்கையாகவே பக்கவாட்டில் இழுத்தால், நீர் சற்றே சலனமுறும், மணற்கரை நனையாது. 2012 இற் கடலடிப் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து பக்கவாட்டிலேயே பெரிதும் நகர்ந்தன. அடுத்து, அதே பலகையைச் சட்டென்று மேலே உயர்த்தினால், நீர் முழுவதும் எழுந்து சென்று மணலின் மேல் ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். எச்சரிக்கை விடுப்போருக்கு முதற் சில நிமிடங்களில் நடுக்கத்தின் அளவு மட்டுமே தெரியும். பலகை எப்பக்கம் அசைந்தது என்பது பிறகே தெரியவரும். இதைச் சொல்லிவிட்டு, பலகையை ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்து, மற்றவர்களை மணற்கரையில் நீர் எத்தனை தடவை ஏறுகின்றது என்று எண்ணச் சொல்லலாம்.